பழைய மலைப் படங்களை மறுபடி எடிட் செய்யலாமா?

கேள்வி: 2011-ல் வால்பாறையிலும் மூணாறிலும் எடுத்த படங்களை அன்றைய மோகத்தில் எச்.டி.ஆர். பாணியில் (வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களை ஒன்றாக்கி, நிழலும் வானமும் பளிச்சென்று தெரியச் செய்வது) எடிட் செய்து வைத்தேன். இப்போது பார்த்தால் பச்சை கண்ணைக் குத்துகிறது. மலை விளிம்பெல்லாம் வெள்ளைக் கோடு. சிலவற்றுக்கு ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாமல் சேமித்த மூலத் தரவு) உண்டு, மற்றவை ஜேபெக் மட்டும். மறுபடி கை வைக்கலாமா?

பதில்: தாராளமாக. புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ஹெர்னாண்டஸ் கிராமத்தின் மேல் நிலவு எழுவதைப் படமெடுத்தார். அந்த ஒரே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகள் பிரிண்ட் போட்டுக்கொண்டே இருந்தார். ஆரம்பப் பிரிண்டுகளில் வானத்தில் மேகக் கீற்றுகள் தெரியும். பிற்காலத்தவற்றில் அதே வானம் கிட்டத்தட்டக் கறுப்பு. 1948-ல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் ரசாயனத்தில் நனைத்து அடர்த்தி கூட்டவும் செய்தார். பியானோ பயின்றவர் அவர். நெகட்டிவ் இசைக்குறிப்பு, பிரிண்ட் அதன் கச்சேரி என்பது அவர் கணக்கு. உங்களுக்கு ரா ஃபைல்தான் நெகட்டிவ்.

ஆனால் எல்லாப் படத்தையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். எடிட்டை நீக்கிவிட்டு வெறும் ரா ஃபைலைப் பாருங்கள். சாய்வெயிலோ, மேகத்தின் இடுக்கில் விழுந்த ஒளியோ அதில் இருந்தால் உட்காரலாம். உச்சிவெயிலில் வெளுத்த வானத்தோடு எடுத்ததை எந்த மென்பொருளும் தேற்றாது. வானத்தையே மாற்றும் வசதி இருக்கிறதே என்பீர்கள். அப்புறம் அது வால்பாறை இல்லை.

லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் முதலில் ஒரு வர்ச்சுவல் காப்பி (ஃபைலை நகலெடுக்காமல் தனியாக எடிட் செய்ய உதவும் பிரதி) எடுங்கள். பழைய எடிட் அப்படியே இருக்கட்டும், அழிக்க வேண்டாம். காப்பியில் எல்லா ஸ்லைடரையும் ரீசெட் செய்து, காலிபரேஷன் பகுதியில் பிராசஸ் வெர்ஷன், அதாவது ரா ஃபைலைப் படமாக்கும் கணக்குமுறை, புதியதா என்று பாருங்கள். 2011-ல் இருந்த ரெகவரி, ஃபில் லைட் ஸ்லைடர்களின் இடத்துக்கு 2012-ல் ஹைலைட்ஸ், ஷேடோஸ் வந்துவிட்டன. பழைய எண்களின் மேலேயே ஒட்டுப்போட்டால் பழைய நோயும் கூடவே வரும். எச்.டி.ஆருக்காக மூன்று எக்ஸ்போஷரில் எடுத்திருந்தால், வானம் வெளுக்காத இருண்ட ஃபைலை மட்டும் வைத்து முயலுங்கள். பெரும்பாலும் அது ஒன்றே போதும். நிழலைத் தூக்கும்போது புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலைக் குறைக்க 2023-ல் வந்த ஏ.ஐ. டீநாய்ஸ் இருக்கிறது.

இனி பச்சை. தேயிலைச் சரிவின் நிறம் நம் கண்ணுக்குப் பச்சை, ஆனால் மென்பொருளின் கணக்கில் அதில் பெரும்பகுதி மஞ்சள். அதனால் கலர் மிக்ஸரில் மஞ்சளின் சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) குறையுங்கள், லுமினன்ஸையும் (வெளிச்சத்தையும்) ஒரு சிட்டிகை இறக்குங்கள். பச்சை ஸ்லைடரைத் தொடாமலே பாதி எரிச்சல் அடங்கிவிடும். அன்று அவ்வளவு நிறம் ஏற்றியதற்கு ரசனை மட்டும் காரணமாக இருக்காது. மங்கலான லேப்டாப் திரையில் எதுவும் போதாததாகத்தான் தெரியும். இப்போதைய மானிட்டரைக் காலிபரேட் செய்து (நிறம் சரியாகத் தெரியும்படி அளவு திருத்தி), வெளிச்சத்தை 100 முதல் 120 நிட்ஸுக்குள் (திரை வெளிச்சத்தின் அலகு) வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மூடுபனியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தூரத்து மலை வெளிறி, நீலம் பாய்ந்து தெரிவதால்தான் கண் அதைத் தூரம் என்று எடுத்துக்கொள்கிறது. விளிம்புகளைத் துலக்கும் கிளாரிட்டியையும் மூட்டத்தை விலக்கும் டீஹேஸையும் படம் முழுக்கப் போட்டால் ஐந்து மடிப்பு மலையும் ஒரே சுவராகிவிடும். மாஸ்க் போட்டு (படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து), முன்னால் இருக்கும் பாறைக்கும் செடிக்கும் மட்டும் கொடுங்கள். பின்னால் இருக்கும் மடிப்புகளுக்கு கிளாரிட்டியைப் பூஜ்யத்துக்குக் கீழே இறக்கிப் பாருங்கள், பனி திரும்பி வரும்.

ஜேபெக்கில் ஆட்டம் குறைவு. 14 பிட் ரா ஃபைலில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள், ஜேபெக்கில் வெறும் 256. வானத்தைக் கொஞ்சம் அழுத்தினாலே பட்டை பட்டையாகப் பிரியும். எனவே எடிட் செய்த ஜேபெக்கை விட்டுவிட்டு, கேமரா தந்த மூலத்தைத் தேடுங்கள். அந்தக் காலத்தில் கூகுளின் பிகாசா என்ற பட மென்பொருளைப் பயன்படுத்தியிருந்தால், படங்கள் இருக்கும் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் பிகாசா ஒரிஜினல்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். திருத்தம் சேமிக்கும்போது மூலத்தை அது அங்கே ஒதுக்கி வைக்கும். மூலமே கிடைக்காவிட்டால் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்கலாம். நிறத் தொல்லை போய்விடும். மலை விளிம்பின் வெள்ளைக் கோடு மட்டும் அதற்கும் மசியாது. பக்கத்துப் பகுதியை நகலெடுத்து ஒட்டும் குளோன் கருவியால் அங்குலம் அங்குலமாக மூட வேண்டும். அவ்வளவு பாடுபட நூற்றில் இரண்டு படம் தகுதியாக இருந்தாலே அதிகம்.