நுரையீரல் புற்றுநோய் தொடைத் தசைக்குப் பரவுமா?

நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் உங்கள் மாமாவின் தொடையில் வலியோடு ஒரு கட்டி தெரிகிறது என்றும், அது வெறும் சுளுக்கா, நோய் அங்கும் பரவிவிட்டதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அரிதாகப் பரவும். என் தந்தைக்கு அவ்வாறு நேர்ந்ததால் இதை எழுதுகிறேன்.

நம் உடல் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு எலும்புத்தசைதான், அதாவது எலும்புகளை அசைக்கும் தசை. அதற்கு இரத்தமும் தாராளமாகக் கிடைக்கிறது. அப்படியிருந்தும் மூளை, எலும்பு, கல்லீரல், அட்ரினல் சுரப்பி ஆகியவற்றுக்குப் பரவுவதுபோல் இந்நோய் தசைக்கு எளிதில் பரவுவதில்லை. தசை ஓயாமல் சுருங்கி விரிவதும், அதன் இரத்த ஓட்டம் ஏறி இறங்குவதும், உழைக்கும்போது லாக்டிக் அமிலம் சேர்வதும் புற்றணுக்களை அங்கே நிலைகொள்ள விடுவதில்லை என்று மருத்துவர்கள் விளக்குகிறார்கள். ஆயினும் தசைக்குப் பரவிய புற்றுநோய்களின் மூலத்தைத் தேடினால், மற்ற உறுப்புகளைவிட நுரையீரலே அடிக்கடி அகப்படுகிறது.

அப்பாவுக்கு வலத்தொடையின் உட்புறத்தில், ஆழத்தில், எலுமிச்சை அளவுக்குக் கெட்டியான கட்டி இருந்தது. தோல் சிவக்கவில்லை, காய்ச்சலும் இல்லை. நாற்காலியிலிருந்து எழும்போது மட்டும் சுளீரென்று வலிக்கும். கோடாலித் தைலம் தேய்த்தால் வலி சற்று அடங்கும், கட்டி மட்டும் குறையாது. சுளுக்கென்றால் நாளாக ஆக வடிய வேண்டும்; இது பெருத்துக்கொண்டே போனது. ஆகவே புற்றுநோய் மருத்துவரிடமே காட்டினோம்.

எம்ஆர்ஐ படத்தில் கட்டி தெளிவாகத் தெரிந்தது. ஆனால் சீழ்க்கட்டியோ, இரத்தக்கட்டோ, தசையிலேயே தோன்றும் சார்கோமா என்ற வேறுவகைப் புற்றுநோயோ கூடப் படத்தில் ஏறக்குறைய இப்படியே தெரியலாம் என்பதால், அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, ஊசியால் சிறிது திசு எடுத்துச் சோதித்தார்கள். பயாப்சி என்றதும் எங்கள் வீட்டில் எல்லாரும் தயங்கினார்கள். என் கருத்தில் இதைத் தவிர்க்கவே கூடாது. கட்டி எங்கிருந்து வந்தது என்பதோடு, எந்த மருந்துக்கு அது இணங்கும் என்பதையும் அந்தத் திசுவிலிருந்து அறியலாம். அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய் உள்ள கிழக்காசிய நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, கட்டியின் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது. அதற்கென்றே மாத்திரைகள் உள்ளன. ஏற்கெனவே அத்தகைய மாத்திரை எடுப்பவருக்குப் புதிய கட்டி தோன்றினால், மருந்துக்கு எதிர்ப்பு உண்டாகிவிட்டதா என்பதையும் சோதிக்க முடியும்.

தசைக்குப் பரவியிருந்தால் அது நான்காம் கட்டம். கட்டியை மட்டும் வெட்டி எடுப்பது பெரும்பாலும் தீர்வாகாது. உடல் முழுவதற்குமான மருந்துதான் முக்கியம். வலிக்குக் கதிரியக்கச் சிகிச்சை நன்கு உதவும், அப்பாவுக்கும் உதவியது.

அடுத்த சந்திப்புவரை காத்திராமல், மாமா சிகிச்சை பெறும் மருத்துவமனையை இன்றே அழையுங்கள். அதுவரை கட்டியை யாரும் உருவிவிட வேண்டாம். செலவைப் பொறுத்தவரை, வெளிநோயாளியாகப் பெறும் புற்றுநோய் மருந்துகளில் அரசின் பட்டியலில் இடம்பெற்றவற்றுக்கே 2022 செப்டம்பர் முதல் சிங்கப்பூரின் அடிப்படை மருத்துவக் காப்புறுதித் திட்டமான மெடிஷீல்டு லைஃப் ஈடு தருகிறது. எனவே மருந்தை முடிவு செய்யும்போதே, அது பட்டியலில் உள்ளதா என்று மருத்துவரிடமும், மீதித் தொகைக்கு என்ன உதவி உண்டு என்று மருத்துவமனையின் சமூக சேவையாளரிடமும் கேளுங்கள்.