ஃப்ளாட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டுக் குடியிருக்க வீடு வாங்குகிறோம்: கூடுதல் ஸ்டாம்ப் டியூட்டி கட்டவேண்டுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. 2014இல் லண்டன் ஈஸ்ட்ஹாமில் என் பெயரில் ஒரு ஃப்ளாட் வாங்கினேன். நானும் மனைவியும் பிள்ளைகளும் அதில்தான் இருந்தோம். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக 2023 ஒக்டோபரில் ஹரோவில் ஒரு வாடகை வீட்டுக்கு மாறினோம். ஃப்ளாட்டை வாடகைக்குக் கொடுத்திருக்கிறோம். இப்போது ஹரோவிலேயே 600,000 பவுணுக்கு ஒரு வீடு விலை பேசியிருக்கிறோம். "குடியிருக்கத்தானே வாங்குகிறீர்கள், சாதாரண ஸ்டாம்ப் டியூட்டிதான்" என்றார் மோர்ட்கேஜ் புரோக்கர். சொலிசிட்டரோ 50,000 பவுண் வேண்டும் என்கிறார். மனைவியின் பெயரில் மட்டும் வாங்கினால் தப்பலாம் என்பது மச்சானின் யோசனை. மனைவிக்கு யாழ்ப்பாணத்தில், 2024 மே மாதம் காலமான அவருடைய அப்பாவின் வீட்டில் மூன்றில் ஒரு பங்கும் உண்டு. அதையும் கணக்கில் எடுப்பார்களா? ஃப்ளாட்டை விற்றுவிடவும் தயார்தான். (ஹரோ வாசகர்)

பதில்: உங்கள் சொலிசிட்டர் சொன்ன தொகை சரி. ஆனால் அதில் 30,000 பவுணை நீங்கள் திரும்பப் பெற வழி இருக்கிறது. அந்த வழி 2026 ஒக்டோபரோடு அடைபட்டுவிடும். அதனால் தேதிகளைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

முதலில் கணக்கு. ஸ்டாம்ப் டியூட்டி என்பது வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் வரி. இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள விகிதப்படி முதல் 125,000 பவுணுக்கு வரி இல்லை. அடுத்த 125,000க்கு 2 வீதம், அதாவது 2,500. மீதி 350,000க்கு 5 வீதம், 17,500. மொத்தம் 20,000. இன்னொரு வீடு கையில் இருக்கும்போது வாங்கினால், முழு விலைக்கும் 5 வீதம் மேலதிகமாகச் சேரும். அது 30,000. இந்த மேலதிக வரி 2016 ஏப்ரலில் 3 வீதமாக வந்தது. 2024 ஒக்டோபர் 31இலிருந்து 5 ஆக உயர்ந்தது. 3 வீதமாக இருந்த காலத்தில் வாங்கிய நண்பர்களின் அனுபவத்தை வைத்து யாரும் இன்று கணக்குப் போடவேண்டாம்.

புரோக்கர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிதான் பலரைக் குழியில் தள்ளுகிறது. குடியிருக்க வாங்குவது என்பது மட்டும் போதாது. வாங்கும் நாள் முடியும்போது உங்களிடம் 40,000 பவுண் அல்லது அதற்கு மேல் பெறுமதியான வேறு வீடு இருக்கிறதா என்று சட்டம் பார்க்கும். இருந்தால், முன்பு குடியிருந்த வீட்டை விற்றுவிட்டு அதற்குப் பதிலாக இந்த வீட்டை வாங்குகிறீர்களா என்று பார்க்கும். பத்து வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் ஒருவர், தான் குடியிருந்த வீட்டை விற்றுவிட்டு இன்னொன்று வாங்கினால் மேலதிக வரி கட்டவேண்டியதில்லை. ஒரேயொரு சிறு ஃப்ளாட்டை வைத்துக்கொண்டு, தான் வாடகை வீட்டில் இருந்தபடி முதல்முறையாகக் குடியிருக்க வீடு வாங்குபவர் கட்டவேண்டும். இது நியாயமில்லை என்பது என் கருத்து. பணமில்லாமல் தூர இடத்தில் மலிவாக ஒரு ஃப்ளாட் வாங்கிப்போட்ட இளம் குடும்பங்கள்தான் இதில் அதிகம் அடிபடுகின்றன. ஆனால் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

உங்கள் நிலை அந்தக் குடும்பங்களைவிட நல்லது. ஏனென்றால் ஈஸ்ட்ஹாம் ஃப்ளாட் நீங்கள் குடியிருந்த வீடு. புது வீட்டை வாங்கும் நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் ஒருநாளாவது அந்த ஃப்ளாட் உங்கள் பிரதான வீடாக இருந்திருந்தால், அது நீங்கள் மாற்றிக்கொள்ளும் பழைய வீடாகக் கருதப்படும். நடுவில் வாடகைக்குக் கொடுத்ததால் அந்தத் தகுதி போய்விடாது. நீங்கள் வெளியேறியது 2023 ஒக்டோபர். ஆகவே 2026 ஒக்டோபரில் அதே தேதி வருவதற்கு முன் புது வீட்டின் கம்ப்ளீஷன் (முழுப் பணமும் கொடுத்து வீடு கைமாறுவது) முடியவேண்டும். எக்ஸ்சேஞ்ச் (ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கொள்ளும்) தேதி இங்கே போதாது. அப்படி முடித்தால், இப்போது 50,000 கட்டி வாங்கலாம். அதன்பின் மூன்று ஆண்டுகளுக்குள் ஃப்ளாட்டை விற்றால் 30,000 திரும்ப வரும். அந்த 50,000ஐ மோர்ட்கேஜுக்கு வெளியே ரொக்கமாக ஆயத்தம் செய்யவேண்டும். கம்ப்ளீஷன் நடந்து 14 நாட்களுக்குள் கணக்குக் காட்டி வரி கட்டவேண்டும் என்பதால் சொலிசிட்டர்கள் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுவார்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்பதற்கும் கெடு உண்டு. ஃப்ளாட் விற்ற நாளிலிருந்து 12 மாதம், அல்லது ஸ்டாம்ப் டியூட்டி கணக்குக் காட்டவேண்டிய கடைசி நாளிலிருந்து 12 மாதம். இரண்டில் எது பிந்தியதோ அதுவரை கேட்கலாம். விண்ணப்பத்துக்கு எச்.எம்.ஆர்.சி. (பிரிட்டிஷ் வரித் திணைக்களம்) கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. திரும்ப வரும் தொகையில் பங்கு கேட்டுக் கடிதம் அனுப்பும் நிறுவனங்களிடம் கொடுக்காதீர்கள். அவர்கள் பிழையாகக் கேட்டால் பிறகு வட்டியோடும் அபராதத்தோடும் எச்.எம்.ஆர்.சி. வருவது உங்களிடம்தான்.

இனி ஃப்ளாட்டை விற்கும் பக்கம். மூன்று ஆண்டு தாராளமாகத் தெரியும். ஆனால் உள்ளே ஒரு குடும்பம் இருக்கிறது. 2026 மே 1 முதல் காரணம் சொல்லாமல் நோட்டீஸ் கொடுத்து வாடகைக்காரரை வெளியேற்ற முடியாது. விற்பதற்காக என்று காரணம் காட்டி நான்கு மாத நோட்டீஸ் கொடுக்கலாம். குடிவந்த முதல் 12 மாதங்களுக்குள் அவர்களை அந்தக் காரணத்தால் அனுப்ப முடியாது. அவர்கள் போகாவிட்டால் கோர்ட். நோட்டீஸ் கொடுத்தபின் மனம் மாறி உடனே வேறொருவருக்கு வாடகைக்கு விடவும் முடியாது. அதற்கு 12 மாதத் தடை இருக்கிறது. அதோடு கட்டடத்தின் வெளிச்சுவர்த் தீப்பாதுகாப்புச் சான்றிதழ், லீஸில் மிச்சமுள்ள ஆண்டுகள் இரண்டையும் இன்றே மனேஜிங் ஏஜென்ட்டிடம் கேளுங்கள். இவற்றால்தான் கிழக்கு லண்டனில் ஃப்ளாட் விற்பனைகள் மாதக்கணக்கில் இழுபடுகின்றன. மூன்று ஆண்டைத் தாண்டியவர்களுக்கு அசாதாரண சூழ்நிலை என்று ஒரு விலக்கு இருக்கிறது, ஆனால் அது மிகக் குறுகியது. நல்ல விலை வரவில்லை, வாங்குபவர் பின்வாங்கிவிட்டார் என்பதையெல்லாம் ஏற்கமாட்டார்கள்.

விற்கும்போது கேப்பிட்டல் கெயின்ஸ் வரியும், அதாவது விற்ற லாபத்துக்கான வரியும், வரும். ஏறக்குறைய ஒன்பது ஆண்டு குடியிருந்திருக்கிறீர்கள். அந்தக் காலத்துக்கும் கடைசி 9 மாதத்துக்கும் விலக்கு உண்டு. ஆகவே லாபத்தில் ஒரு சிறு பகுதிக்குத்தான் 18 அல்லது 24 வீதம். விற்ற 60 நாட்களுக்குள் அறிவித்துக் கட்டவேண்டும்.

மச்சான் சொன்னது பலிக்காது. சேர்ந்து வாழும் கணவன் மனைவியைச் சட்டம் இந்த வரிக்கு ஒரே ஆளாகப் பார்க்கிறது. யார் பெயரில் வாங்கினாலும் மற்றவரின் ஃப்ளாட் கணக்கில் வரும். ஃப்ளாட்டை மனைவி பெயருக்கு மாற்றுவதிலும் பயனில்லை. உங்களில் ஒருவரிடம் அது இருக்கும்வரை விற்றதாக ஆகாது. 18 வயதாகாத பிள்ளைக்காக வைத்திருக்கும் வீடும் பெற்றோரின் வீடாகவே எண்ணப்படும். வளர்ந்த பிள்ளைக்கு உண்மையாகவே எழுதிக்கொடுத்தால் அது கைமாற்றம்தான். ஆனால் பணமே வாங்காவிட்டாலும் சந்தை விலைக்கு விற்றதுபோல் கேப்பிட்டல் கெயின்ஸ் கணக்கிடுவார்கள். மோர்ட்கேஜைப் பிள்ளை ஏற்றால் அந்தக் கடன்தொகைக்கு அவருக்கும் ஸ்டாம்ப் டியூட்டி வரலாம்.

யாழ்ப்பாண வீடு பற்றிக் கேட்டது நல்லது, பலர் இதைச் சொலிசிட்டரிடம் சொல்வதேயில்லை. உலகில் எங்கே இருக்கும் வீடும் கணக்கில் சேரும். ஊரில் உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பதை இங்கே யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைப்பது ஆபத்து, ஏனென்றால் வரிக் கணக்கில் கையெழுத்து வைப்பது நீங்கள். உங்கள் விடயத்தில் பயமில்லை. ஃப்ளாட்டை விற்று இந்த வீட்டுக்கு மாறினால் மற்ற வீடுகள் எத்தனை இருந்தாலும் பொருட்டில்லை. ஒக்டோபரைத் தவறவிட்டாலும், வாங்கும் நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் மரபுரிமையாக வந்த, பாதிக்கு மேற்படாத பங்கைச் சட்டம் ஒதுக்கிவிடுகிறது. மூன்றில் ஒன்று அதற்குள் அடங்கும். அந்தப் பங்கின் பெறுமதி 40,000 பவுணுக்குக் குறைவென்றால் எப்போதும் கவலையில்லை. ஆனால் சகோதரர்கள் தங்கள் பங்கை எழுதிக்கொடுத்து மனைவியின் பங்கு பாதியைத் தாண்டினால் இந்தச் சலுகை போய்விடும். வீடு வாங்கி முடியும்வரை ஊரில் பங்கு மாற்றம் எதுவும் செய்யாதீர்கள்.

ஒக்டோபர் தேதி கைநழுவிப்போகும் போலிருந்தால் இன்னொரு வழிதான் மிச்சம்: ஃப்ளாட்டை முதலில் விற்பது, அல்லது இரண்டையும் ஒரே நாளில் முடிப்பது. நாள் முடிவில் கணக்கில் வரும் வீடு உங்களிடம் ஒன்றுதான் இருக்கும், 20,000 மட்டும் கட்டலாம். அந்த வழியில் போனால், பெயின்ட் அடிக்கவேண்டும் என்று கம்ப்ளீஷனுக்கு முன் புது வீட்டின் சாவியை வாங்கிக் குடிபுகுந்துவிடாதீர்கள். வீட்டை உங்கள் கையில் எடுத்த நாளே வாங்கிய நாளாகிவிடும், ஃப்ளாட் அன்று உங்களிடம் இருந்தால் 30,000 மீண்டும் வந்து சேரும்.

ஈஸ்ட்ஹாமிலிருந்து வெளியேறிய சரியான தேதியைக் காட்டும் கவுன்சில் டாக்ஸ் கடிதம், ஹரோ வீட்டின் வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளி அனுமதிக் கடிதம், யாழ்ப்பாண வீட்டின் உறுதி ஆகியவற்றை எக்ஸ்சேஞ்சுக்கு முன்பே உங்கள் சொலிசிட்டரிடம் கொடுங்கள். கம்ப்ளீஷன் தேதியை வெளியேறிய தேதிக்கு முன்னதாக வைக்கவேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.