லண்டன் போய்த் திரும்பினால் புதிய 90 நாள் கிடைக்குமா?

கேள்வி: ஈப்போவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான், மலேசியக் கடப்பிதழ் வைத்திருக்கிறேன். மகன் மியூனிக்கில் வேலை பார்க்கிறான், தங்கை லண்டனில் இருக்கிறாள். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் இறுதிவரை ஐரோப்பாவில் தங்க ஆசை. விசா இல்லாமல் 90 நாள் இருக்கலாம், அது முடிந்ததும் இரண்டு நாள் லண்டன் போய்த் திரும்பினால் புதிதாக 90 நாள் தொடங்கும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். இது சரியா?

பதில்: சரியல்ல. ஜெர்மனி உள்ளிட்ட 29 ஐரோப்பிய நாடுகள் பொதுவான நுழைவு விதியோடு ஒரே பகுதியாக இயங்குவதைத்தான் ஷெங்கன் என்கிறோம்; பிரிட்டன் அதில் இல்லை. லண்டனில் கழியும் நாள்கள் ஷெங்கன் கணக்கில் சேராது என்பது மட்டுமே அவர் சொன்னதில் உண்மை. ஏற்கெனவே செலவான நாள்கள் அதனால் அழிந்துவிடுவதில்லை.

விதி இதுதான்: எந்த 180 நாள் காலத்திலும் ஷெங்கன் பகுதிக்குள் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. இந்த 180 நாள் என்பது ஜனவரியில் தொடங்கும் அரையாண்டும் அன்று, நீங்கள் முதலில் போய் இறங்கும் தேதியில் தொடங்கும் தவணையும் அன்று. உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ணி, அவற்றில் எத்தனை நாள் ஷெங்கனுக்குள் இருந்தீர்கள் என்று பார்க்க வேண்டும். விமானம் இரவு பதினொன்றரைக்குத் தரையிறங்கினாலும் அது ஒரு முழு நாள். வெளியேறும் நாளும் அப்படியே.

ஏப்ரல் 1 அன்று நுழைந்து தொடர்ந்து தங்கினால் ஜூன் 29 உங்களுடைய தொண்ணூறாவது நாள். அன்றே வெளியேறியாக வேண்டும். அதன்பின் செப்டம்பர் 28 அன்றுதான், ஏப்ரல் 1 கணக்கிலிருந்து விலகி, மறுபடி நுழைய இடம் கிடைக்கும். உங்கள் நண்பர் சொன்னபடி ஜூலை தொடக்கத்தில் மியூனிக்கில் வந்து இறங்கினால் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்படலாம். மகனோடு சுவிட்சர்லாந்துக்கோ ஆஸ்திரியாவுக்கோ போய் வருவதும் பயன்படாது. 29 ஷெங்கன் நாடுகளுக்கும் சேர்த்துத்தான் இந்த 90 நாள். 2023-இல் சேர்ந்த குரோவேஷியாவும், 2025 முதல் முழுமையாக இணைந்துவிட்ட ருமேனியாவும் பல்கேரியாவும் இதில் அடக்கம் என்பதால், நாள்களை மிச்சப்படுத்த 'பால்கன் பக்கம் (தென்கிழக்கு ஐரோப்பா) போய்விட்டு வா' என்ற பழைய யோசனையை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

ஆனாலும் உங்கள் ஆசை நிறைவேறாதது அன்று. தங்கை வீட்டுத் தங்கலை நடுவில் வைத்து, அதை நீட்டினால் போதும். ஏப்ரல் 1 முதல் மே 15 வரை மகனிடம் இருந்தால் 45 நாள் ஆகும். பிறகு லண்டன். பிரிட்டன் தனிக் கணக்கு. மலேசியர்கள் விசா இல்லாமல் ஆறு மாதம்வரை தங்கலாம், ஆனால் 2025 ஜனவரி முதல் புறப்படும் முன்பே இணையவழிப் பயண அனுமதி பெற்றிருக்க வேண்டும். ஆகஸ்ட் 16 அன்று மியூனிக் திரும்பினால் செப்டம்பர் 30 வரை தாராளமாக இருக்கலாம். அதற்கு மேலும் சில வாரம் மகன் பிடித்து வைத்துக்கொண்டால்கூடப் பாதகமில்லை, ஏனெனில் செப்டம்பர் 28 முதல் நாளொன்று கூடும்போது ஏப்ரலின் ஒரு நாள் பின்னால் உதிர்ந்துகொண்டே வரும். தேதிகளை ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள தங்கல் கணிப்பானில் இட்டுச் சரிபார்த்த பிறகே பயணச்சீட்டு வாங்குங்கள்.

முன்பெல்லாம் மங்கிய முத்திரைகளைப் புரட்டிப் பார்த்து எண்ணிய குடிநுழைவு அதிகாரியின் கண்ணுக்கு ஓரிரு நாள் தப்பியிருக்கலாம். 2025 அக்டோபர் 12 அன்று படிப்படியாகத் தொடங்கிய நுழைவு வெளியேற்றப் பதிவு முறையில், கைரேகையும் முகப்படமும் எடுத்துக்கொண்டு கணினியே நாள்களை எண்ணுகிறது. கூடுதலாகத் தங்கினால் அபராதமோ மறுநுழைவுத் தடையோ வரலாம். கடுமை நாட்டுக்கு நாடு வேறுபடும். கடைசி நாளுக்குப் பயணச்சீட்டு எடுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை, விமானம் ரத்தானால் தவிப்பது நீங்கள்தான்.

கடப்பிதழ் பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கனிலிருந்து வெளியேறும் தேதிக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும்.

ஆறு மாதமும் மகன் வீட்டிலேயே இருந்தாக வேண்டும் என்றால் அதற்கு ஜெர்மனியின் நீண்டகாலத் தேசிய விசா தேவை. அமெரிக்கர், ஜப்பானியர் போன்ற சிலர் ஜெர்மனிக்குள் சென்ற பிறகு வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க முடிகிறது; அந்தச் சலுகைப் பட்டியலில் மலேசியா இல்லை. ஆகவே பயணத்துக்குப் பல மாதம் முன்பே கோலாலம்பூரிலுள்ள ஜெர்மன் தூதரகத்தை அணுகுங்கள். பெற்றோருக்கு அது எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.