குழந்தை வேண்டாமென்பது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 34 வயது, திருமணமாகி ஆறு ஆண்டுகள். குழந்தை வேண்டாம் என்று நானும் கணவரும் திருமணத்துக்கு முன்பே பேசி முடிவெடுத்தோம். உடல்நலக் குறையில்லை, பணக்கஷ்டமும் இல்லை. அந்த ஆசை வரவில்லை, அவ்வளவுதான். எல்லோரும் என்னிடம்தான் காரணம் கேட்கிறார்கள். அவரிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை. “இது சுயநலம், வயதான காலத்தில் உன்னை யார் பார்ப்பார்கள்?” என்று அம்மா அழுகிறார். அவரிடம் சொல்ல ஒரு நல்ல காரணம் வேண்டும். பின்னால் வருந்துவேனோ என்ற பயமும் இருக்கிறது.

வாசகி

அன்புள்ள தோழிக்கு,

நல்ல காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஆசை வரவில்லை. வேலை, மக்கள்தொகை என்று வேறெதையாவது இரவல் வாங்கிச் சொன்னால் அம்மா அதற்கொரு தீர்வோடு வருவார். “நான் வளர்த்துத் தருகிறேன்” என்பார்.

நம் மொழியும் உங்களுக்குத் துணை வராது. பிள்ளை பெறுவதைப் ‘பேறு’ என்கிறோம். பெறாதவளுக்கு ‘மலடி’ என்றொரு வசைச்சொல் வைத்திருக்கிறோம். வேண்டாமென்றவளுக்குச் சொல்லே இல்லை. (ஏங்கியும் கிடைக்காத பெண்கள் இதைப் படிக்கக்கூடும். அவர்கள் துயரமும் உங்கள் முடிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இருவரையும் அடிப்பது ஒரே கோல்.) கருத்தடை மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1960இல்தான். அதற்கும் முன்பே, பிறர் உடல்நலம், வறுமை என்று காரணம் அடுக்கிக்கொண்டிருந்தபோது, பெண்ணின் விடுதலைக்காகவே கருத்தடை வேண்டும் என்றார் பெரியார். அந்த வேறுபாட்டை நாம் இன்னும் முழுதாக உள்வாங்கவில்லை.

சுயநலம் என்ற சொல்லுக்கு வருகிறேன். ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் அரசு மக்கள்தொகையைப் பெருக்குவதற்காக 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்தது. கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காமல் போயின. மறு ஆண்டே பிறப்புகள் ஏறக்குறைய இருமடங்காயின. பிறகு பெண்கள் மறைவாகக் கலைக்கப்போய் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி விழுந்தபோது அநாதை விடுதிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். பலருக்குப் பெற்றோர் உயிரோடுதான் இருந்தார்கள். தூக்க ஆளில்லாமல், கம்பிக் கட்டிலில் தம்மைத் தாமே ஆட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு, ‘பெற்றால் பாசம் தானாக வந்துவிடும்’ என்று நான் எந்தப் பெண்ணிடமும் சொன்னதில்லை. பிறரது ஆசைக்காக ஒரு உயிரைக் கொண்டுவர மறுப்பதை என்னால் சுயநலம் என்று சொல்ல முடியாது.

வருந்துவீர்களா? ஏதோ ஒரு மாலையில் வருந்தலாம். அந்த வருத்தத்தை வரவிடுங்கள். அதை வைத்து உங்கள் முடிவு தவறென்று தீர்ப்பெழுதாதீர்கள். முதுமை பற்றிய அம்மாவின் பயம் மட்டும் நியாயமானது. சேமிப்பு, காப்பீடு, வீட்டின் மாற்றுச் சாவி யாரிடம் இருக்கும், மருத்துவமனையில் யார் கையெழுத்திடுவார்கள் என்பதையெல்லாம் இப்போதே எழுதி வையுங்கள். அந்தத் தாளை அம்மாவிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை இருவருமாகப் போங்கள். பேச்சை உங்கள் கணவர் தொடங்கட்டும்.