80-ஐத் தாண்டினால் காரில் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம்: டயரா, வீல் பேரிங்கா?

கேள்வி: ஐந்து வருடப் பழைய ஹேட்ச்பேக். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை. ஹைவேயில் 80-ஐத் தாண்டினால் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். டயர் கடையில் டயர் மாற்றச் சொல்கிறார்கள், மெக்கானிக் பேரிங் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

இரண்டு பேர் சொல்வதையும் ஓரமாக வையுங்கள். இதை நீங்களே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அந்தச் சத்தத்தை முழுசாகக் கேட்டவர் நீங்கள்தான். மெக்கானிக் பட்டறைத் தெருவில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வந்து சொல்வார். அந்தத் தெருவில் 40-க்கு மேல் போக இடம் ஏது?

சத்தம் எப்படி இருக்கிறது என்று யோசிக்காதீர்கள். பேரிங் (சக்கரம் உரசாமல் சுழல, நடுவில் இருக்கும் குண்டு வளையம்), டயர் இரண்டுமே 'ம்ம்ம்' என்றுதான் கேட்கும். எதை மாற்றினால் சத்தம் மாறுகிறது என்று பாருங்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு, விடியற்காலையில் வண்டி குறைவாக இருக்கும்போது போங்கள். ஏசி, பாட்டு எல்லாம் ஆஃப்.

முதலில் இன்ஜினைக் கழித்துவிடுவோம். 80-இல் ஐந்தாவது கியரில் போகும்போது சத்தத்தைக் கவனியுங்கள். நான்காவது கியருக்கு இறக்கி, அதே 80-இல் போங்கள். இன்ஜின் சுற்று ஏறும், சக்கரத்தின் சுற்று மாறாது. சத்தம் அப்படியே இருந்தால் அது சக்கரப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு மாதிரி, காலை எடுத்தால் வேறு மாதிரி என்று கேட்டால் கியர்பாக்ஸைச் சந்தேகிக்கலாம். பொலேரோ, சுமோ போன்ற பின்சக்கர இழுவை வண்டியாக இருந்தால் பின் அச்சில் இருக்கும் க்ரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று, ஓடும் வண்டியில் சாவியை ஆஃப் செய்து பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதைச் செய்யவே செய்யாதீர்கள். ஸ்டீயரிங் கனத்துவிடும், பூட்டிக்கொள்ளவும் கூடும், பிரேக்குக்கு இருக்கும் உதவியும் போய்விடும்.

அடுத்தது ரோடு. தார் ரோட்டிலிருந்து பாலத்தின் கான்கிரீட் மேல் ஏறும்போது, அல்லது புதிதாகத் தார் போட்ட இடத்துக்குள் நுழையும்போது சத்தத்தின் சுருதி சட்டென்று மாறினால், டயர். பேரிங்குக்கு ரோடு எதுவாக இருந்தாலும் ஒன்றுதான்.

மூன்றாவதுதான் முக்கியம். முன்னும் பின்னும் ஆள் இல்லாத நேரான இடத்தில், 60 வேகத்தில், ஸ்டீயரிங்கை மெதுவாக வலது பக்கம், அப்புறம் இடது பக்கம் லேசாக வளையுங்கள். வலது பக்கம் வளைத்தால் வண்டியின் எடை இடது சக்கரங்கள் மேல் சாயும். அப்போது சத்தம் கூடி, இடது பக்கம் வளைக்கும்போது குறைந்தால் பெரும்பாலும் இடது பக்கப் பேரிங் போயிருக்கிறது. சில பேரிங்குகள் இதற்கு நேர்மாறாகவும் கத்தும். அதனால் இதை மட்டும் நம்பிப் பொருள் வாங்கிவிடாமல், ஜாக்கி போட்டு உறுதிப்படுத்துங்கள்.

என் மச்சான் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். சென்னையில் மழைத்தண்ணீரில் சக்கரத்தில் பாதி மூழ்க ஓட்டியிருக்கிறார். சில மாதம் கழித்துத் திண்டிவனம் ரோட்டில் போகும்போது பக்கத்து வீட்டு கிரைண்டர் ஓடுவது போல ஒரு சத்தம். கடையில் நான்கு டயரையும் மாற்றச் சொல்ல, மாற்றிவிட்டார். சத்தம் அப்படியே இருந்தது. பேரிங்கின் சீலைத் தாண்டித் தண்ணீர் புகுந்தால் கிரீஸ் கெட்டுப்போய்த் துருப் பிடிக்கும். ஆனால் உடனே சத்தம் வராது, மெதுவாகத்தான் வரும். மழையை எல்லாரும் மறந்திருப்பார்கள். உங்கள் வண்டியும் வெள்ளத்தில் போயிருந்தால் பேரிங் பக்கம்தான் என் சந்தேகம்.

அவர் வண்டியை வீட்டு வாசலில் நாங்கள் பார்த்தது இப்படித்தான். சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கம் ஜாக்கி ஏற்றி ஸ்டாண்டும் போட்டோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. கியர் நியூட்ரலில். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, இன்னொரு கையை அந்தச் சக்கரத்துக்கு மேலே இருக்கும் சுருள் ஸ்பிரிங் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல பக்கத்தில் கைக்கு எதுவுமே தெரியவில்லை. கெட்ட பக்கத்தில் காதுக்கு ஒன்றும் கேட்காவிட்டாலும், ஸ்பிரிங் வழியாக விரல் நுனியில் நறநறவென்று தெரிந்தது. அதன் பிறகு சந்தேகத்துக்கே இடமில்லை. டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பதும் உண்டு. ஆனால் ஆட்டம் கொடுக்கும் முன்பே பேரிங் கத்த ஆரம்பித்துவிடும், ஆட்டம் இல்லை என்பதால் பேரிங் நல்லது என்று நினைக்காதீர்கள்.

டயர்தான் என்று பட்டால், உள்ளங்கையை டயரின் பட்டன் (ரோட்டைத் தொடும் கட்டைகள்) மேல் வைத்து ஒரு திசையில் தடவுங்கள், பிறகு எதிர்த்திசையில். ஒரு பக்கம் வழவழ, மறுபக்கம் ரம்பம் மாதிரிப் பிடித்தால் அதுதான் கத்துகிறது. அலைன்மென்ட் தவறியிருந்தாலோ ஷாக் அப்சார்பர் ஓய்ந்திருந்தாலோ டயர் இப்படித் தேயும். புது டயர் போட்டாலும் காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் திரும்ப வரும். செலவில்லாத ஒரு வழி, முன் டயரையும் அதே பக்கத்துப் பின் டயரையும் இடம் மாற்றி ஓட்டிப் பார்ப்பது. சத்தம் பின்னால் போனால் டயர், முன்னாலேயே இருந்தால் பேரிங்.

பேரிங் மாற்றும்போது, அந்த வேலை தெரிந்த, பேரிங்கை அழுத்தி ஏற்றும் பிரஸ் மெஷின் இருக்கிற பட்டறையாகப் பாருங்கள். சுத்தியால் அடித்து ஏற்றிய பேரிங் சீக்கிரமே மறுபடி கத்தும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் அமைப்பு) இருக்கும் பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்கச் சீலில் காந்த வளையம் இருக்கும், அது சென்சார் பக்கம் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரியும், எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டியதுதான்.

விசில் மாதிரிக் கேட்டு, எதிர்க்காற்றில் கூடினால் அது காற்றுச் சத்தம். கதவு ஓரத்து ரப்பர் பீடிங், கண்ணாடி ஓரம் என்று ஒவ்வோர் இடமாக மாஸ்கிங் டேப் ஒட்டி ஓட்டினால் இடம் தெரிந்துவிடும், அவசரமே இல்லை. 'டிக் டிக்' என்று வேகத்தோடு சேர்ந்து வந்தால் டயரில் கல்லோ ஆணியோ மாட்டியிருக்கும்.

ஆனால் 'தொம் தொம்' என்று அடித்துக்கொண்டே ஸ்டீயரிங்கோ சீட்டோ ஆடினால், அதிலும் சமீபத்தில் பஞ்சர் ஒட்டியோ டயர் மாற்றியோ இருந்தால், எந்தச் சோதனையும் வேண்டாம். பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் வேகத்தைக் குறைத்து, இடது ஓரம் ஒதுங்கி, நான்கு சக்கரத்தின் நட்டையும் ஸ்பானர் போட்டுப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில், முடிந்தால் உள்பக்கமும், வீக்கம் இருக்கிறதா என்று கையால் தடவுங்கள். வீக்கம் இருந்தால் அந்த டயரில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். ஸ்டெப்னியை மாட்டி, 50 கிலோமீட்டர் போனதும் நட்டை இன்னொரு தடவை இறுக்கிவிடுங்கள்.