வைக்கோல் போருக்குத் தீ: ஆயுள் தண்டனை உண்டா?

கேள்வி: எங்களுக்கும் என் கணவரின் பங்காளிக்கும் வரப்புத் தகராறு. போன மாதம் ஒருநாள் ராத்திரி 11 மணிக்கு எங்கள் வைக்கோல் போரும், பக்கத்தில் இருந்த கூரைக் கொட்டகையும் எரிந்துவிட்டன. கொட்டகையில் விதைநெல், உர மூட்டை, மோட்டார் எல்லாம் இருந்தன. “என் வயலில் கரும்புத் தோகையைக் கொளுத்தினேன், காற்றில் பொறி பறந்துவிட்டது” என்கிறார் அவர். வழக்குப் போட்ட அன்றே ஸ்டேஷன் ஜாமீனில் வந்துவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். தீ வைத்தால் ஆயுள் தண்டனை என்கிறார்களே, உண்மையா?
- வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: உண்மைதான் அம்மா, ஆனால் எல்லாத் தீக்கும் இல்லை. எரிந்தது எது, கொளுத்தியவர் மனதில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்துப் பிரிவு மாறும்.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 326(எஃப்) பிரிவின்படி, சேதம் விளைவிக்கும் நோக்கத்தோடோ, சேதமாகும் என்று தெரிந்தோ பொருளுக்குத் தீ வைத்தால் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும். விளைபொருளும் இதில் அடக்கம். (பழைய தண்டனைச் சட்டத்தில் சேதம் 100 ரூபாயாவது இருக்க வேண்டும், விளைபொருள் என்றால் 10 ரூபாய் போதும். அந்தக் கணக்கு இப்போது இல்லை.) நீங்கள் கேட்ட ஆயுள் தண்டனை 326(ஜி)யில் வருகிறது. வழிபாட்டுத் தலம், குடியிருப்பு, பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடம் ஆகியவற்றை அழிக்கும் நோக்கில் தீ வைத்தால் ஆயுள், அல்லது 10 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். இதை செஷன்ஸ் நீதிமன்றம்தான் விசாரிக்கும். ஜாமீனில் விடமுடியாத குற்றமும்கூட.

அவருக்கு ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைத்திருக்கிறது என்றால் 326(ஜி) போடவில்லை என்றுதான் அர்த்தம். எஃப்.ஐ.ஆர். நகலைப் பாருங்கள். 326(எஃப்) இருக்கலாம். 287 மட்டும் இருந்தால்தான் விழித்துக்கொள்ள வேண்டும். அது நெருப்பை அஜாக்கிரதையாகக் கையாண்ட குற்றம்; அதிகபட்சம் 6 மாதச் சிறை, அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘பொறி பறந்தது’ என்ற கதை போய்ச் சேர விரும்பும் இடம் அதுதான்.

அந்தக் கதையை உடைப்பதில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது. ராத்திரி 11 மணிக்குத் தோகை கொளுத்துகிற விவசாயியை நான் பார்த்ததில்லை! அவர் வயலில் உண்மையிலேயே தோகை எரிந்த தடம் இருந்ததா? அங்கிருந்து உங்கள் போர் எவ்வளவு தூரம்? காற்று எந்தப் பக்கம் அடித்தது? நடுவில் இருந்த புல் கருகியதா, அல்லது தீ தாண்டிக் குதித்ததா? ‘கொளுத்திவிடுவேன்’ என்று முன்பு யார் காதிலாவது விழும்படி மிரட்டினாரா? அணைக்க ஓடி வந்தவர்கள் மண்ணெண்ணெய் வாடை அடித்ததாகச் சொல்கிறார்களா? மனதில் இருந்ததை யாரும் நேரில் பார்க்க முடியாது. நீதிமன்றம் இந்த மாதிரிச் சூழ்நிலைகளிலிருந்துதான் ஊகிக்கும். தீயணைப்பு வண்டி வந்திருந்தால் அவர்களுடைய அறிக்கை நகலையும் வாங்குங்கள்.

கொட்டகை விஷயத்தைத் தனியாக வலியுறுத்துங்கள். வெறும் போர் மட்டும் எரிந்திருந்தால் 326(எஃப்)போடு நின்றுவிடும். விதைநெல்லும் மோட்டாரும் வழக்கமாக வைக்கிற கொட்டகை, பொருள்களைப் பாதுகாக்கும் கட்டடம் என்று வாதிட இடமிருக்கிறது. எதிர்த்தரப்பு ‘நாலு கம்பும் கீற்றும் கட்டடமா’ என்று கேட்கும்; சுவர், கதவு, பூட்டு இருந்த பழைய போட்டோ இருந்தால் தேடி எடுங்கள். குற்றப்பத்திரிகை போடும் முன்பே, பிரிவை மாற்றக் கோரி விசாரணை அதிகாரிக்கு மனுக் கொடுத்து, நகலை எஸ்.பி.க்கு அனுப்புங்கள்.

உள்ளே யாரும் படுத்திருக்காதது பெரிய ஆறுதல். 2000 பிப்ரவரியில் தருமபுரியில் பஸ்ஸுக்குத் தீ வைத்ததில் வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் இறந்தார்கள். அது கொலை வழக்காகி மரண தண்டனை வரை போனது, 2016-ல்தான் ஆயுளாகக் குறைந்தது.

சமரசத்துக்கு வருவோம். 326(எஃப்), (ஜி) இரண்டுமே தரப்புகள் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்கள் அல்ல. பஞ்சாயத்தில் கையெழுத்துப் போட்டால் எஃப்.ஐ.ஆர். மறைந்துவிடாது, அதை ரத்துசெய்ய உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். நஷ்ட ஈட்டுக்குத் தனியாக சிவில் வழக்குப் போடலாம். பெரியவர்கள் நீட்டும் எந்தத் தாளிலும் வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்து வேண்டாம். எரிந்த மோட்டாரைப் போலீஸ் இன்னும் கைப்பற்றவில்லை என்றால், பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.