இஸ்தான்புல்லில் ஆட்சியும் மதமும் மாறியபோது பழைய நகரம் என்ன ஆனது?

கேள்வி இது: "ரோமானியர், பைசாந்தியர், உஸ்மானியர் எனப் பல பேரரசுகளுக்கு ஒரே நகரம் எப்படித் தலைநகராக இருந்தது? மதம் மாறிய ஒவ்வொரு முறையும் பழையதை இடித்துவிட்டார்களா? நேரில் போனால் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?"

உஸ்மானியத் துருக்கியர் நகரைப் பிடித்தது 1453ல். இந்தக் கேள்விக்கு இங்கே வந்திருக்கும் பதில்களில் பாதிப் பேர் "1453ல் எல்லாமே தரைமட்டம்" என்கிறார்கள். மீதிப் பேர் "சுல்தான் ஒரு கல்லைக்கூட அசைக்கவில்லை" என்கிறார்கள். இரண்டும் பொய். நீங்கள் இரண்டு மூன்று நாள் சுற்றுலாவாகப் போகிறீர்கள், கூட்டத்தோடு கூட்டமாக நின்று படமெடுத்துத் திரும்ப விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் எந்த மதத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று பின்னூட்டத்தில் கேட்கப் போகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள். எல்லாத் தரப்புக்கும் உறுத்தும்படி ஏதாவது இதில் இருக்கிறது.

முதலில் ஒரு திருத்தம். பைசாந்தியர் என்று தனியாக ஒரு பேரரசு வந்து ரோமை வெல்லவில்லை. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 324ல் போட்டிப் பேரரசன் லிசினியஸைத் தோற்கடித்த பிறகு, பைசாந்தியம் என்ற பழைய கிரேக்க ஊரை விரிவாக்கி 330 மே 11 அன்று தலைநகராக அர்ப்பணித்தான்; அதுதான் கான்ஸ்டாண்டிநோபிள், இன்றைய இஸ்தான்புல். அந்த ரோம அரசைத்தான் பைசாந்தியம் என்கிறோம்; அது, இடையில் 57 வருடம் தலைநகரை இழந்ததைத் தவிர, 1453 வரை ஓடியது.

மூன்று பக்கம் கடல், வடக்கே கோல்டன் ஹார்ன் என்ற இயற்கைத் துறைமுகம், கருங்கடலுக்குப் போகும் கப்பல் எல்லாம் கண்ணெதிரே கடக்கும். ஆனால் பெருநகருக்குப் போதுமான ஆறு கிடையாது, பக்கத்தில் பெரிய வயல்வெளி கிடையாது, மேற்கே நிலப்பக்கம் திறந்து கிடக்கிறது. ஆகவே யார் அரியணையில் உட்கார்ந்தாலும் மூன்று வேலையைச் செய்தே ஆக வேண்டும்: தண்ணீர் கொண்டுவருவது, தானியம் கொண்டுவருவது, மதிலைப் பராமரிப்பது. கும்பிடும் சாமி மாறினாலும் இந்த மூன்றும் மாறவில்லை. உபயோகம் இருந்த கட்டடம் கை மாறிப் பிழைத்தது, உபயோகம் போனது அடுத்தவனுக்குக் கல் எடுக்கும் இடமானது. எல்லாக் கட்டடத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்லவில்லை, பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். ஃபாத்திஹ் பகுதியில் பெருஞ்சாலைக்கு மேலே இரண்டடுக்கு வளைவுகளோடு ஒரு நீர்ப்பாலம் நிற்கும், கார்கள் அதன் அடியிலேயே போகும். அது வேலன்ஸ் மன்னன் காலத்தது, 4ஆம் நூற்றாண்டு. இன்று மிஞ்சியிருப்பது 900 மீட்டருக்குச் சற்று மேல், உயரம் சுமார் 29 மீட்டர். நகருக்கு மேற்கே உள்ள திரேஸ் மலைகளிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அதிகமாகக் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீர் இதன் தலைமேல் ஓடியது. இதன் பலவீனம் சுலபமாகப் புரியும்: நகருக்கு வெளியே எங்கே உடைத்தாலும் உள்ளே வறட்சி. 626ல் முற்றுகையிட்ட அவார்கள் என்ற நாடோடிப் படையினர் அதைத்தான் செய்தார்கள். உடைந்த கால்வாய் 766 வரை அப்படியே கிடந்தது. 140 வருடம் நகரம் மழைத்தொட்டியையும் கிணறுகளையும் வைத்து ஓட்டியது. ஓட்ட முடிந்ததற்குக் காரணம் மக்கள்தொகை சுருங்கிவிட்டதுதான். கடும் வறட்சி வந்த பிறகு ஐந்தாம் கான்ஸ்டன்டைன் பழுதுபார்த்தான். ஆசியப் பகுதியிலிருந்தும் கருங்கடல் கரைப் பொன்டஸிலிருந்தும் 1,000 கொத்தனார், 200 பூச்சு வேலைக்காரர், கிரீஸிலிருந்தும் தீவுகளிலிருந்தும் 500 மண்வேலைக்காரர், திரேஸிலிருந்து 5,000 கூலியாட்கள், 200 செங்கல் அறுப்பவர்கள் என்று அக்காலக் குறிப்பு கணக்கே தருகிறது. தலைநகரில் அந்த வேலைக்கு ஆள் இல்லை என்பதை அந்தப் பட்டியலே காட்டிக்கொடுக்கிறது.

உஸ்மானியர் வந்ததும் இந்த நீர்ப்பாலத்தைப் பழுதுபார்த்துத் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். சுல்தான் சுலைமான் காலத்தில் அரசுக் கட்டடக் கலைஞர் சினான் 1554 முதல் 1563 வரை புதிய கால்வாய்களும் சேர்த்தார். ஆனால் தேக்கி வைத்த தண்ணீரைவிட ஓடும் தண்ணீரையே அவர்கள் விரும்பினார்கள். பள்ளிவாசல் முற்றத்தில் ஒளூ செய்ய, அதாவது தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவ, குழாய் வேண்டும், தெருமுனையில் நீரூற்று வேண்டும். அதனால் பழைய தொட்டிகள் கேட்பாரற்றுப் போயின. திறந்த தொட்டிகளில் காய்கறி போட்டார்கள். ஏடியஸ் தொட்டி இன்று கால்பந்து மைதானம். தெருவிலிருந்து பார்த்தால் மைதானம் ஏன் பள்ளத்தில் இருக்கிறது என்று புரியும். மூடிய தொட்டிகளில் பெரியது பசிலிக்கா தொட்டி, வரிசைக்கு 28 வீதம் 12 வரிசை, மொத்தம் 336 தூண்கள். 1540களில் கில்லியஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் வந்தபோது மேலே குடியிருந்தவர்கள் வீட்டுத் தரையில் ஓட்டை போட்டு வாளியில் நீர் மொண்டுகொண்டும் மீன் பிடித்துக்கொண்டும் இருந்தார்கள். உள்ளே கிரேக்கப் புராணத்துப் பாம்புக்கூந்தல் மெடூசாவின் கல் தலைகள் இரண்டு, ஒன்று தலைகீழாக, ஒன்று பக்கவாட்டில். பேய் ஓட்ட, சாபம் என்றெல்லாம் வழிகாட்டிகள் அளப்பார்கள். வேறு கட்டடத்திலிருந்து எடுத்த கல், தூண் உயரம் சரிவர அப்படி வைத்தார்கள் என்பதே எளிய விளக்கம். தண்ணீருக்குள் மூழ்கப்போகும் கல்லின் முகம் எப்படி இருந்தால் என்ன?

தானியக் கதை சுருக்கமானது. கான்ஸ்டன்டைன் நாளொன்றுக்கு 80,000 பங்கு இலவச ரொட்டி என்று வைத்தான், அதற்குக் கோதுமை எகிப்திலிருந்து கப்பலில் வந்தது. பாரசீகர் எகிப்தைப் பிடித்ததும் 618 வாக்கில் இலவச ரொட்டி நின்றது. பிறகு அரபுகள் எகிப்தை எடுத்தார்கள், அந்தக் கோதுமை திரும்ப வரவேயில்லை. 1517ல் உஸ்மானியர் எகிப்தை வென்ற பிறகுதான் நைல் தானியக் கப்பல் மீண்டும் தலைநகரின் வழக்கமான வரவானது.

மதில்தான் என் கட்சி. மேற்கே நிலப்பக்கத்தை அடைக்கும் மதில் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர், 413ல் முடிந்தது. சுமார் 20 மீட்டர் அகல அகழி, பின்னால் சிறு மதில், அதன் பின்னால் 12 மீட்டர் உயரமும் 5 மீட்டர் தடிமனும் கொண்ட பெரு மதில், அதில் 96 கோபுரங்கள். கிட்டே போய்ப் பாருங்கள்: வெட்டிய சுண்ணாம்புக்கல் முகப்பு, சில அடிக்கு ஒருமுறை சிவப்புச் செங்கல் பட்டை. அது அலங்காரம் இல்லை. உள்ளே இருப்பது சாந்தில் போட்ட கல்கலவை; செங்கல் வரிகள் சுவரின் முழுத் தடிமனுக்கும் குறுக்கே ஓடி இரண்டு முகப்பையும் கட்டிப் பிடிக்கின்றன. சாந்து சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்தது. முல்லைப் பெரியாறு செய்திகளில் சுர்க்கி என்று படித்திருப்பீர்களே, அதே சேர்மானம்தான்.

447 நிலநடுக்கத்தில் 57 கோபுரங்கள் விழுந்தன, ஹூணர் மன்னன் அட்டிலா வந்துகொண்டிருந்தான். தேர்ப்பந்தயக் கட்சிக்காரர்களான நீலரையும் பச்சையரையும் வேலையில் இறக்கி 60 நாளில் எழுப்பினார்கள். மெவ்லெவிஹானே வாசலில் அந்தக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது, கிரேக்கத்தில் 60 நாள், லத்தீனில் இரண்டு மாதத்துக்குள். 1980களுக்குப் பிறகு செய்த "புதுப்பிப்பில்" சில பகுதிகள் 1999 நிலநடுக்கத்தில் உதிர்ந்தன, அடியில் இருந்த பழைய மதில் நின்றது. இதற்கு மேல் நான் பேசினால் வாய் கோணும்.

1453ல் மதில் உடைந்த இடம் லைகஸ் ஓடைப் பள்ளத்தாக்கு. அங்கே தரை இறங்குவதால் எதிரே மேட்டில் பீரங்கி வைத்தவனுக்கு மதில் தாழ்வாகத் தெரியும். உஸ்மானியருக்காக ஊர்பன் என்ற வார்ப்புக்காரர் வார்த்த பெரும் பீரங்கியால் நாளைக்கு ஏழு முறைதான் சுட முடிந்தது. இடைவெளியில் உள்ளிருந்தவர்கள் மரமும் மண்பீப்பாயும் போட்டு அடைத்தார்கள். சுமார் 7,000 பேரை வைத்துக்கொண்டு ஏப்ரல் 6 முதல் மே 29 வரை தாக்குப்பிடித்தார்கள். ஆள் பற்றாக்குறைதான் தோல்விக்குப் பாதிக் காரணம்.

அந்த ஆள் பற்றாக்குறை எங்கிருந்து வந்தது? இங்கேதான் "துருக்கியர் அழித்தார்கள்" கோஷ்டி மௌனமாகிவிடும். 1204 ஏப்ரலில் நகரைச் சூறையாடியவர்கள் சிலுவைப் போர் வீரர்கள், கிறிஸ்தவர்கள். வெண்கலச் சிலைகளை உருக்கிக் காசாக்கினார்கள். தேரோட்டத் திடலில் நின்ற நான்கு குதிரைகள் வெனிஸுக்குப் போயின. வெனிஸ் சான் மார்கோ ஆலயத்தின் மூலையில் நான்கு ரோமப் பேரரசர்கள் கட்டிப்பிடித்து நிற்கும் ஊதாக்கல் சிற்பம் இருக்கிறது, அதில் ஒருவருக்குப் பாதம் இல்லை, வெள்ளைக் கல்லில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பாதத்தின் குதிகால் துண்டு 1960களில் இஸ்தான்புல்லில் தோண்டும்போது கிடைத்தது, தொல்லியல் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். 1261ல் நகரை மீட்ட கிரேக்கர்களுக்குக் கிடைத்தது சுரண்டிய பாத்திரம்தான்.

ஆனால் மறுதரப்பும் ரொம்பக் குதிக்க வேண்டாம். பேரரசர்களைப் புதைத்த திருத்தூதர்கள் ஆலயம் முதலில் கிரேக்க முதுபெரும் தந்தை ஜென்னாடியோஸுக்குக் கொடுக்கப்பட்டது. சில வருடத்தில் அவர் இடம் மாறினார், ஆலயத்தை இடித்து அதே மேட்டில் 1463 முதல் 1470 வரை ஃபாத்திஹ் பள்ளிவாசல் எழுந்தது. அந்தப் பள்ளிவாசலும் 1766 நிலநடுக்கத்தில் விழுந்தது. இன்று நிற்பது மறுபடி கட்டியது.

ஆலயமாகப் பிறந்து, 1453ல் பள்ளிவாசலாகி, இடையில் அருங்காட்சியகமாகவும் இருந்த ஹாகியா சோபியாவில் மதம் மட்டும் மாறவில்லை, குவிமாடமும் மாறியது. 532 ஜனவரிக் கலவரத்தில் பழைய ஆலயம் எரிந்தது. புதியதை 537 டிசம்பர் 27ல் திறந்தார்கள், ஆறு வருடம்கூட ஆகவில்லை. அவசரம்தான் வினை. மூட்டுச் சாந்து ஏறக்குறைய செங்கல் தடிமனுக்கே போட்டிருந்தது, அது இறுகும் முன்பே பாரம் ஏறியதால் தாங்கு தூண்கள் வெளிப்பக்கம் சாய்ந்தன. குவிமாடமோ மிகத் தட்டை. 558ல் விழுந்தது. இளைய இசிடோர் அதைச் சுமார் 6 மீட்டர் உயர்த்திக் கட்டினார்; உயர்த்தினால் பக்கவாட்டுத் தள்ளல் குறையும். பிறகு 989ல் மேற்குப் பகுதி விழுந்தது, ஆர்மேனியரான த்ர்தாத் கட்டினார். 1346ல் கிழக்குப் பகுதி. ஆக இப்போது தலைக்கு மேல் இருப்பது மூன்று வெவ்வேறு நூற்றாண்டுகளின் ஒட்டு. வெளியே முட்டுச் சுவர்களில் ஒரு பகுதி சினான் கொடுத்தது. முட்டு இல்லையென்றால் பள்ளிவாசலும் இல்லை, அருங்காட்சியகமும் இல்லை.

உருவ எதிர்ப்பு ஏதோ 1453ல் வந்தது என்று நினைப்பவர்கள் தோப்காப்பி அரண்மனையின் முதல் முற்றத்தில் உள்ள ஹாகியா ஐரீனுக்குள் போய்ப் பாருங்கள். கருவறைக் கூரையில் வெறும் சிலுவை மட்டும். 8ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவப் பேரரசர்களே திருவுருவங்களைத் தடைசெய்த காலத்தது. 843ல்தான் அந்தச் சண்டை ஓய்ந்தது. அந்த ஆலயம் பள்ளிவாசலாக மாறவே இல்லை, ஆயுதக் கிடங்காக இருந்தது.

சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட மாட்டேன். "1453ல் கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்தது, அதனால் ஐரோப்பியர் இந்தியாவுக்குக் கடல்வழி தேடினர்" என்று நம் ஊர்ப் போட்டித் தேர்வுக் குறிப்புகள் எல்லாம் ஒரே வரியில் முடிக்கின்றன. போர்ச்சுகல் ஆப்பிரிக்கக் கரையில் இறங்கியது 1415ல், சியூட்டாவில். நம் மிளகு பெரும்பாலும் செங்கடல் வழியே அலெக்சாந்திரியா போய் வெனிஸ்காரர் கைக்கு வந்தது. அந்த எகிப்து 1517 வரை உஸ்மானியரிடம் அல்ல, மம்லூக் சுல்தான்களிடம் இருந்தது. வாஸ்கோ ட காமா வந்ததோ 1498ல். பின் எப்படி 1453 வழியை அடைத்தது? இதை எழுதினால் மதிப்பெண் போகும் என்பதால் மாணவர்கள் தேர்வில் பழையதையே எழுதுங்கள், நம்ப மட்டும் வேண்டாம்.

பார்க்கும் வரிசை: ஒரு காலை முழுதும் மதிலுக்கு, ஆள் நடமாட்டம் உள்ள பகலில், துணையோடு. கைப்பிடி இல்லாத படிகளில் ஏற வேண்டாம். பிறகு தேரோட்டத் திடல்; எகிப்தியக் கல்தூணின் பீடத்தில் தூணை நிறுத்த 30 நாள் என்று லத்தீனும் 32 நாள் என்று கிரேக்கமும் சொல்வதைப் பாருங்கள். ஹாகியா சோபியாவில் 2024 ஜனவரி முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கட்டணம் 25 யூரோ, மேல் மாடத்துக்கு மட்டும். ஏமாற்றம் வேண்டாம், நல்ல மொசைக்குகள், அதாவது சிறு வண்ணக் கற்களைப் பதித்த சித்திரங்கள், அங்கேதான் உள்ளன. ஸோயி அரசியின் மொசைக்கில் கணவர் தலையைச் சுற்றிப் பொருந்தாத கற்களைத் தேடுங்கள். கணவர் மாறியதும் முகத்தையும் மாற்றிய இடம் அது. மாடத்திலிருந்து கீழே பார்த்தால் தொழும் திசையைக் காட்டும் மிஹ்ராப் என்ற மாடக்குழி கருவறையின் நடுவில் இல்லாமல் சற்றே வலப்பக்கம் தள்ளியிருப்பதும், தொழுகை வரிசைகள் கட்டடத்துக்குக் கோணலாகப் போவதும் தெரியும். கட்டடத்தின் அச்சு வேறு, மக்காவின் திசை வேறு. 2025ல் குவிமாடப் பழுதுவேலை தொடங்கியதால் உள்ளே சாரம் மறைக்கலாம். வெள்ளி நண்பகல் போகாதீர்கள், பெண்கள் தலைக்குத் துணி எடுத்துச் செல்லுங்கள்.